முதலில் பீரோவைத் திறங்கள்: வீட்டுக் கணினியில் பாட்டுப் பதிவு செய்யத் தொடங்குபவர்களுக்கு

"வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ணணும், எந்த மைக் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த அறையில் பாடப் போகிறீர்கள்? கடைக்குக் கிளம்பி நிற்பவரிடம் வீட்டைப் பற்றி விசாரித்தால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். விலை கூடக் கூட மைக்குக்குக் காது கூர்மையாகிறது. உங்கள் குரலை மட்டுமா கேட்கும்? மின்விசிறி, ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டுக் குக்கர், தெருவில் ஸ்பீக்கர் கட்டிப் போகிற காய்கறி வண்டி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டுக் கொட்டிவிடும்.

ஒரு குரல், ஒரு கிதார், பின்னால் தம்புரா. இந்தச் சின்ன ஏற்பாட்டை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கிதாருக்குப் பதில் வீணையோ வயலினோ இருந்தாலும் வழி அதேதான்.

அறை

முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் போனின் ரெக்கார்டரில் ஒரே பல்லவியை வீட்டின் ஐந்தாறு இடங்களில் பாடிப் பதிவு செய்யுங்கள்: ஹால், படுக்கையறை, சமையலறை, மாடிப்படி. அப்புறம் இயர்போன் மாட்டி வரிசையாகக் கேளுங்கள். போன் ஒன்றுதான், குரலும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வேறு ஆள் பாடியது போல இருக்கும். இந்தப் பாடத்தை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள்.

நம் வீடுகளில் மொசைக் அல்லது டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை. ஆறு பக்கமும் கெட்டியான பரப்பு. அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டு முடிந்த பிறகும் 'டிங்' என்று ஒரு வால் தொங்கினால் அந்த வால் உங்கள் பாட்டிலும் தொங்கும். பதிவான பிறகு அதைச் சுத்தமாக எடுப்பது நடக்காத காரியம்.

என் வீட்டில் சரிப்பட்டு வந்த இடம் படுக்கையறை. மெத்தை, தலையணை, கனமான திரைச்சீலை என்று பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. மீதிக்குப் புடவை பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினேன். மைக் பார்ப்பது என்னை, எனக்குப் பின்னால் நாற்பது புடவை. சுவரில் மோதித் திரும்பி மைக்குக்குள் போயிருக்க வேண்டிய சத்தத்தைத் துணி விழுங்கிவிட்டது. தரையில் ஒரு ஜமக்காளம், பக்கத்தில் நாற்காலி முதுகில் ஒரு கம்பளி. இதற்கு மேல் செய்ய வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அந்த மெல்லிய அட்டை குரலின் கனமான பகுதியைத் தொடவே தொடாது. எளிதில் தீப்பிடிக்கும் என்பது வேறு.

சத்தம் என்றதும் எல்லோரும் தெருவைத்தான் நினைப்பார்கள். அதைவிடத் தொல்லை வீட்டுக்குள் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், ஒரு டேக்குக்கும் (ஒருமுறை பாடிப் பதிவது ஒரு டேக்) அடுத்த டேக்குக்கும் நடுவே போட்டுக்கொள்ளலாம். பழைய டியூப்லைட் சோக்கின் ரீங்காரம், இன்வெர்ட்டரின் உறுமல் இவற்றையெல்லாம் காது பழகி மறந்துவிட்டிருக்கும், மைக் மறக்காது. எங்கள் தெருவில் இரவு பத்துக்கு மேல் நாய்கள், காலை ஐந்தரைக்கு மேல் பால் வண்டி. எனக்கு வாய்த்த நேரம் பிற்பகல் இரண்டு முதல் மூன்றரை வரை. உங்கள் தெருவின் கணக்கை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

என்ன வாங்குவது

கணினி எதுவானாலும் சரி. 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் பத்து இருபது டிராக் (குரல், கிதார் என்று தனித்தனியாகப் பதியும் அடுக்கு) உள்ள பாட்டைத் தாராளமாகத் தாங்கும். காசு போக வேண்டிய இடம் வேறு.

குரல் மட்டும் போதும் என்றால், நேரே கணினியில் செருகும் யூஎஸ்பி மைக் ஒன்று போதும். நாளைக்குக் கிதாரையும் சேர்ப்பேன், நண்பர் வந்து வாசிப்பார் என்று எண்ணம் இருந்தால் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். மைக்கின் மெல்லிய மின்சைகையைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்2 போன்றவை தொடக்கக்காரர்கள் அதிகம் வாங்குபவை. ஒரு மைக், ஒரு கிதார், இரண்டையும் ஒரே நேரத்தில் செருகலாம்.

மைக்கில் இரண்டு ஜாதி. மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் ஒன்று. ஷ்யூர் எஸ்எம்58 1966 முதல் அப்படியே விற்றுக்கொண்டிருக்கிறது. மற்றது கண்டென்சர். நுணுக்கம் அதிகம், வேலை செய்ய இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். '48வி' என்று எழுதிய பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும். "மைக் செத்துப்போச்சு" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பொத்தானை மறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

சத்தமான வீட்டுக்கு எது? டைனமிக் என்பேன். டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டும் என்று கடையில் சொல்வார்கள், அப்படியொரு மந்திரம் அதில் இல்லை. வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுவதால் குரல் பெரிதாகவும் தெருச் சத்தம் அந்த அளவுக்குச் சின்னதாகவும் விழுகிறது, அவ்வளவுதான். அறை அமைதியாக அமைந்துவிட்டது, வீணை, கிதார் போன்ற நரம்பு வாத்தியமும் உண்டு என்றால் கண்டென்சர்.

ஹெட்போன் காதை முழுக்க மூடும் வகையாக இருக்கட்டும். திறந்த வகையில் உள்ளே ஒலிப்பது வெளியே கசிந்து மைக்கில் ஏறும். புளூடூத் ஹெட்போன் பதிவுக்கு ஆகவே ஆகாது. ஒலி தாமதமாக வந்து சேரும், தாளம் கையை விட்டுப் போகும். ஸ்பீக்கரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மென்பொருள்

இதில் அதிகம் யோசிக்காதீர்கள். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கும். லினக்ஸ் ஆட்களுக்கு 'ஆர்டர்' (Ardour) என்ற மென்பொருள் உண்டு. விண்டோஸில் ஒற்றைக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி போதும். 2000இல் வெளிவந்த இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். பல டிராக்குகளை அடுக்கி, ஒன்றோடொன்று அளவாகக் கலந்து மிக்ஸ் செய்ய நான் பயன்படுத்துவது ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனிநபர்களுக்கான உரிமம் 60 டாலர். கீழே சொல்வதெல்லாம் ரீப்பரை வைத்துத்தான். மற்றவற்றில் பொத்தானின் பெயரும் இடமும் மாறும், வேலை மாறாது.

இன்டர்ஃபேஸைச் செருகியதும் அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து 'ஆசியோ' டிரைவரை (விண்டோஸ் குறைந்த தாமதத்தில் இன்டர்ஃபேஸோடு பேச உதவும் சின்ன மென்பொருள்) இறக்கி நிறுவுங்கள். ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்ஸஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் ஆசியோவைத் தேர்ந்தெடுத்து, உங்கள் இன்டர்ஃபேஸின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால் லேப்டாப்பில் இருக்கும் ஊசித்துளை மைக்கே பதிவு செய்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. சோதிக்க ஒரு வழி: பதிவை ஓடவிட்டு மைக்கின் வலைத்தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள், அப்புறம் லேப்டாப்பின் விளிம்பைச் சுரண்டுங்கள். எந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்கிறதோ அதுதான் வேலை செய்கிற மைக்.

சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) 48 கிலோஹெர்ட்ஸ், ஒவ்வொரு அளவின் நுணுக்கம் 24 பிட் என்று வைத்துவிடுங்கள். சிடிக்கு 44.1, வீடியோவுக்கு 48 என்பது வழக்கம். இன்று பாட்டு எப்படியும் ஒரு வீடியோவில்தான் போய் உட்காரப் போகிறது. இந்தக் கணக்கில் ஒற்றை மைக் டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, இருபது டிராக் என்றாலும் ஒரு ஜிபியைத் தொடாது.

தாமதம் என்னும் பூதம்

பாடுகிறீர்கள், உங்கள் குரல் ஹெட்போனில் ஒரு நொடித்துண்டு தள்ளி வருகிறது. புதியவர்கள் பயந்துபோவது இந்த இடத்தில்தான். கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்காது, குடம் குடமாக நிரப்பித்தான் தூக்கும். குடத்தின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் குடம் நிரம்ப 21 மில்லிவினாடி ஆகும். உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம், ஆக 40க்கு மேல். ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி எடுக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், கல்யாண மண்டபத்தில் நீங்கள் மேடையிலும் மிருதங்கக்காரர் பதினான்கு மீட்டர் தள்ளிப் பந்தி வாசலிலும் உட்கார்ந்து கச்சேரி செய்வது போல. யார் தாளத்தில் நிற்பார்கள்?

பஃபரை 128க்கு இறக்கினால் ஒரு குடத்துக்கு 2.7 மில்லிவினாடிதான். ஒலி படபடவென்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள். மிக்ஸிங் செய்யும்போது தாமதம் பிரச்சினை இல்லை, அப்போது திரும்ப 1024 வைத்துக் கணினிக்கு மூச்சு விடக் கொடுக்கலாம். இன்னும் எளிய வழி, இன்டர்ஃபேஸில் இருக்கும் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான். உங்கள் குரல் கணினிக்குப் போய்ச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அதைப் போட்டால் ரீப்பர் டிராக்கில் உள்ள மானிட்டர் பொத்தானை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் குரல் இரண்டிரண்டாகக் கேட்கும்.

மைக்கும் வாயும்

கண்டென்சர் என்றால் வாயிலிருந்து ஒரு சாண். டைனமிக் என்றால் நாலு விரல். இன்னும் நெருங்கினால் குரலில் அடிக்கனம் கூடிக்கொண்டே போகும். சிலருக்கு அது அழகு, ஏற்கெனவே கனத்த குரலுக்கு அது புட்டியில் பேசுவது போல ஆகும்.

'பாடு', 'பூவே' என்று ஆரம்பிக்கும் இடங்களில் 'ப'வின் காற்று மைக்கில் மோதி 'தொம்' என்று விழும். ஒரு எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்து மாட்டி, வாய்க்கும் மைக்குக்கும் நடுவே கட்டினால் பாப் ஃபில்ட்டர் தயார். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்துச் சற்றே கீழே பார்க்கச் சாய்த்தாலும் பாதி சரியாகும்.

கிதாருக்குப் பலரும் செய்யும் தவறு, ஓட்டைக்கு நேரே மைக்கை வைப்பது. அங்கே குமுறல்தான் கிடைக்கும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை, பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கமாகப் பார்க்க, ஒன்றரைச் சாண் தள்ளி வையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மூன்று மணி நேரம் பாடி ஐந்து டேக் எடுத்தேன். கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. எதிர்ச் சுவர்ப் பக்கத்து ஜன்னலில் கத்திய அணில் மட்டும் துல்லியமாக இருந்தது. அறையைக் குறை சொன்னேன், கேபிளை மாற்றினேன், டிரைவரைத் திரும்ப நிறுவினேன். மாலையில் மைக்கைக் கழற்றும்போதுதான் கவனித்தேன், அதன் பெயர் பொறித்த பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவில் பார்க்கும் தடித்த வகைக் கண்டென்சர் மைக்குகள் பெரும்பாலும் நுனியால் கேட்பதில்லை, பக்கவாட்டால் கேட்கும். பெரும்பாலும் பெயர் போட்ட பக்கமே முன்பக்கம். மூன்று மணி நேரம் நான் அதன் பிடரியில் பாடியிருக்கிறேன்.

லெவல் வைப்பது இப்படி: பாட்டில் எந்த இடத்தில் உச்சஸ்தாயிக்குப் போவீர்களோ அந்த வரியையே முழு மூச்சில் பாடுங்கள். மெதுவாக "ஹலோ, செக்" சொல்லி லெவல் வைத்தால் மேல் ஷட்ஜத்தில் கட்டாயம் சிவப்பு எரியும். அந்த வரியில் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும் (பூஜ்யம்தான் உச்ச வரம்பு). சிவப்பைத் தொட்டால் ஒலியின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட தலையை ஒட்டவைக்க முடியாது. 24 பிட்டில் கீழே இடம் ஏராளம், குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

யாரும் பாடாதபோது 'ம்ம்ம்' என்று ஓர் இழை கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எர்த் சரியில்லாத பிளக்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் அநேகமாக.

பதிவு

முதலில் சுருதி. தம்புரா ஆப்பைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பாடாதீர்கள். அது மைக் வழியாகக் குரலோடு பின்னிக்கொண்டால், இரண்டு டேக்கை வெட்டி ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் தம்புரா தடுக்கி விழுவது கேட்கும். அதைத் தனி டிராக்காக வைத்து, ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பாடுங்கள். 1 கட்டை என்றால் சி, 5 கட்டை என்றால் ஜி, 5½ என்றால் ஜி ஷார்ப். கிதாரை ட்யூனரில் ஏ 440க்கு (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவு) சேர்த்தால் ஆப்போடு ஒத்துப்போகும். வீட்டில் பழைய ஆர்மோனியம் இருந்தால் அது 440இல் இருக்கும் என்று நம்பாதீர்கள். அதை நாமே எளிதில் மாற்ற முடியாது, ஆகவே ஆப்பின் சுருதியை நுணுக்கமாக நகர்த்தி அதோடு சேர்க்க வேண்டும்.

அடுத்து தாளம். ரீப்பரில் மெட்ரோனோமை (டிக் டிக் என்று தாளம் அடிக்கும் கருவி) போட்டு வேகத்தை வையுங்கள். ஆதி தாளத்துக்கு 4/4 வைத்தால் இரண்டு பார் ஓர் ஆவர்த்தனம். மிஸ்ர சாபுவுக்கு 7/8. விருத்தம், ஆலாபனை என்றால் மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள், அதற்குக் கயிறு கட்டக் கூடாது.

கன்ட்ரோலோடு 'டி'யை அழுத்தினால் புது டிராக் வரும். உடனே பெயர் வையுங்கள்: குரல், கிதார். சிவப்புப் பொத்தானை அழுத்தி டிராக்கைத் தயார் செய்து, கன்ட்ரோலோடு 'ஆர்' அழுத்தினால் பதிவு ஓடும். முதல் பத்து வினாடி யாரும் அசையாமல் சும்மா இருங்கள். அந்த வெறும் அறையின் ஒலி பின்னால் கைகொடுக்கும். பிறகு கிதார், அதன் மேல் குரல்.

குரலில் முதலில் மூன்று டேக் முழுசாகப் பாடிவிடுங்கள். தப்பு வந்த இடத்தில் நிறுத்தாதீர்கள், தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள். ஒரே டிராக்கில் திரும்பத் திரும்பப் பதிந்தாலும் பழைய டேக் அழியாது, அடுக்கிக்கொண்டே வரும். நான்காவதில் சரிவராத வரிகளை மட்டும் பாடுங்கள். ஆறாவது டேக்குக்கு மேல் எனக்குத் தெரிந்து யாருக்கும் குரல் நன்றாக ஆனதில்லை, ஆசைதான் கூடும்.

வெட்டுவதும் கலப்பதும்

நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்டும்போது 'எஸ்' பொத்தான் வெட்டும். வெட்டு எப்போதும் மூச்சுக்கு முன்னால் விழட்டும், மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவே வேண்டாம். இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தால் 'டிக்' வராது. மூச்சுச் சத்தத்தை முழுக்கத் துடைக்கிறவர்கள் உண்டு. செய்து பாருங்கள், பாடுவது ஆள் மாதிரியே இருக்காது.

பின்னணி இரைச்சல் லேசாக இருந்தால் ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷனில் அந்தப் பத்து வினாடியை மாதிரியாகக் காட்டி, குரல் முழுவதிலும் கொஞ்சமாகப் போடலாம். தாராளமாகப் போட்டால் தண்ணீருக்குள் பாடுவது போலக் கொப்பளிக்கும்.

மிக்ஸிங்கில் முதல் அரை மணி நேரம் வால்யூம் தவிர எதையும் தொடாதீர்கள். குரல் நடுவில், கிதார் சற்று இடப்பக்கம், தம்புரா இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கீழே. பிறகு குரல் டிராக்கில் ஈக்யூ (கனம், கீச்சு என்று ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது) போட்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். அங்கே குரல் ஏதும் இல்லை, லாரியும் தரையதிர்வும்தான் இருக்கும். அடுத்து கம்ப்ரஸர் (உரத்த இடங்களைத் தானே அடக்குவது), 3:1 விகிதத்தில், உரக்கப் பாடிய இடங்களில் மூன்று நான்கு டெசிபல் இறங்கினால் போதும். மெல்லிய வரிகள் மேலே வந்து காதில் விழும். கடைசியில் ரிவர்ப், அதாவது எதிரொலி போல அறையின் வாலைச் சேர்ப்பது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கோவில் பிராகாரத்துக்கே பாட்டைக் கொண்டுபோய்விடுவார்கள், நானும் போனேன். கேட்கத் தொடங்கும் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

முடித்த அன்றே வெளியிடாதீர்கள். மறுநாள் போன் ஸ்பீக்கரில், டிவியில், யாருடைய காரிலாவது போட்டுக் கேளுங்கள். போனில் வார்த்தை புரியவில்லையென்றால் குரலை ஒரு டெசிபல் ஏற்ற வேண்டும் என்று அர்த்தம். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை வைத்து, 24 பிட் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) ஒன்றும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்றும் ரெண்டர் செய்யுங்கள், அதாவது முடிந்த பாட்டை ஒரே கோப்பாக எடுங்கள். மற்றவர்கள் பாட்டு உரக்க இருக்கிறதே என்று நசுக்கி ஏற்ற வேண்டாம். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை உரக்க இருப்பதை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி உரப்பின் அளவு) பக்கமாகத் தாங்களே இறக்கிவிடுகின்றன.

பென் டிரைவில் எடுத்து வைக்கும்போது ஒரு கவனம். ரீப்பரின் புராஜெக்ட் கோப்பு சில கேபிதான். எந்தத் துண்டு எங்கே என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கிறது, குரல் தனித்தனி வேவ் கோப்புகளில் கிடக்கிறது. அதனால் முதல்முறை சேமிக்கும்போதே புராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கும் பெட்டியையும், ஒலிக்கோப்புகளை அதற்குள் நகலெடுக்கும் பெட்டியையும் டிக் செய்துவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். அப்புறம் பென் டிரைவை வேறொரு கணினியில் செருகி, அங்கே திறந்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.